பள்ளியின் பத்தாண்டுச் செலவுக் கணக்கைப் படிக்கும் முறை

தில்லிப் பள்ளி ஒன்றின் நிர்வாகக் குழுவில் பெற்றோர் பிரதிநிதியாக அமர்ந்த முதல் நாளிலேயே, பத்தாண்டுத் தணிக்கை அறிக்கைகளை ஒரு கட்டாக என் கையில் கொடுத்தார்கள். நான் முதலாண்டின் கடைசி வரியையும் இறுதியாண்டின் கடைசி வரியையும் பார்த்துவிட்டு, செலவு ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிட்டது என்று கூட்டத்தில் அறிவித்தேன். பக்கத்தில் இருந்தவர் ஓய்வுபெற்ற கணக்கு அதிகாரி, தஞ்சாவூர்க்காரர். "சார், பிள்ளைகள் எத்தனை பேர்? ஏரியர்ஸ் எந்த வருஷத்தில் உட்கார்ந்திருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். ஏரியர்ஸ் என்று அவர் சொன்னது சம்பள நிலுவையை. இரண்டுக்கும் என்னிடம் விடையில்லை. அந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடிய வழியைத்தான், பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் கணக்கைப் புரிந்துகொள்ள விரும்பும் தில்லித் தமிழ்ப் பெற்றோருக்காக இங்கே எழுதுகிறேன்.

கேட்க வேண்டிய தாள்கள்

முதலில் உங்கள் பள்ளி எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளைப் போன்ற அரசு உதவி பெறும் பள்ளிகளில், அங்கீகரிக்கப்பட்ட பணியிடங்களுக்கான செலவில் 95 சதவீதத்தைத் தில்லி அரசின் கல்வி இயக்குநரகம் மானியமாகத் தருகிறது. மீதி 5 சதவீதமும், மானியத்தில் அடங்காத பணியிடங்களின் சம்பளமும் நிர்வாகத்தின் பொறுப்பு. உதவி பெறாத தனியார் பள்ளியில் எல்லாச் செலவும் கட்டணத்திலிருந்தே வர வேண்டும். ஆகவே முன்னதில் பெற்றோர் செலுத்தும் தொகையைக் கொண்டு பள்ளியின் மொத்தச் செலவை ஊகிக்கவே முடியாது. பின்னதில் ஓரளவு ஊகிக்கலாம்.

ஒவ்வோர் ஆண்டுக்கும் மூன்று தாள்கள் தேவை: பெறுதல்கள் மற்றும் செலுத்தல்கள் கணக்கு, வருவாய் மற்றும் செலவினக் கணக்கு, பள்ளியின் சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பு. இவற்றுடன் செப்டம்பர் 30 நிலவரப்படி இருந்த மாணவர் எண்ணிக்கை, வகுப்புப் பிரிவுகளின் எண்ணிக்கை, பணியாளர் பட்டியல் ஆகியவற்றையும் கேளுங்கள். பள்ளி தர மறுத்தால், தணிக்கை செய்யப்பட்ட கணக்குகளும் ஆண்டு அறிக்கைகளும் 1973ஆம் ஆண்டுத் தில்லிப் பள்ளிக் கல்விச் சட்டத்தின்படியும் விதிகளின்படியும் கல்வி இயக்குநரகத்துக்குச் செல்பவை என்பதால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் அங்கே மனுச் செய்யலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். அரசு நிலத்தில் அமைந்த தனியார் பள்ளிகள் கட்டணத்தை உயர்த்த முன் அனுமதி கோரியபோது இயக்குநரகம் பிறப்பித்த ஆணைகளில், பள்ளியின் வரவு செலவை அதிகாரிகள் ஆராய்ந்து எழுதிய குறிப்புகளும் இருக்கும். அவற்றைப் படித்துப் பழகியவருக்கு வேறு பயிற்சி வேண்டாம் என்றே சொல்வேன்.

மூன்று தாள்களில் முதலாவது பணம் கைமாறிய நாளை வைத்து எழுதப்படுவது. இரண்டாவது செலவு எந்த ஆண்டுக்கு உரியது என்பதை வைத்து எழுதப்படுவது. பள்ளி 30 லட்சம் ரூபாய்க்குப் பேருந்து வாங்கினால் முதல் தாளில் அந்த ஆண்டிலேயே 30 லட்சமும் செலவாகத் தெரியும். இரண்டாம் தாளில் தேய்மானமாகப் பல ஆண்டுகளுக்குப் பிரிந்து நிற்கும். இந்த இரண்டில் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஓர் ஆண்டுக்கு ஒன்றையும் மறு ஆண்டுக்கு மற்றதையும் எடுத்து ஒப்பிடக் கூடாது. பேருந்தின் விலையையும் தேய்மானத்தையும் சேர்த்துக் கூட்டிவிட்டால் ஒரே பேருந்துக்கு இரண்டு முறை செலவு எழுதியவர்களாவோம். சில பள்ளிகளே தங்கள் கட்டண முன்மொழிவுகளில் இவ்வாறு எழுதுவதுண்டு என்பதால் கூர்ந்து பார்ப்பது நல்லது. உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில் மாடர்ன் ஸ்கூல் வழக்கில், ஆண்டுப் படிப்புக் கட்டணத்தில் 15 சதவீதத்துக்கு மிகாமல் வளர்ச்சிக் கட்டணம் வாங்கலாம் என்று சொன்னபோது, அதை மூலதன வரவாகக் காட்ட வேண்டும், தேய்மானக் காப்பு நிதியைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் உடன் வந்தன. இருப்புநிலைக் குறிப்பில் அந்த நிதி தனியாக நிற்கிறதா, அதற்கு ஈடான வைப்புத்தொகை வங்கியில் இருக்கிறதா என்பதை ஒரே பார்வையில் தெரிந்துகொள்ளலாம்.

தொடக்க ஆண்டைத் தேர்ந்தெடுத்தல்

செலவு எவ்வளவு ஏறியது என்ற கேள்விக்கு விடை, எந்த ஆண்டிலிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. 2020-21ஐத் தொடக்கமாக வைத்தால் எந்தப் பள்ளியும் ஊதாரியாகத் தெரியும். அந்த ஆண்டில் வகுப்புகள் வீட்டுக் கணினியில் நடந்தன, பேருந்துகள் ஓடவில்லை, மின்கட்டணம் சுருங்கியது. படிப்புக் கட்டணம் தவிர வேறெதையும் பொதுமுடக்கக் காலத்தில் கேட்கக் கூடாது என்று 2020 ஏப்ரலில் தில்லி அரசு ஆணையிட்டிருந்ததால் வரவும் சுருங்கியது. இதற்கு மாறாக 2009-10ஐத் தொடக்கமாக வைத்தால் அதே பள்ளி சிக்கனமாகத் தெரியக்கூடும், ஏனெனில் மத்திய அரசு ஊழியரின் சம்பளத்தைத் திருத்தப் பரிந்துரைக்கும் ஊதியக் குழுக்களில் ஆறாவதன் நிலுவைத் தொகையைப் பல பள்ளிகள் அந்தக் காலத்தில்தான் கொடுத்துத் தீர்த்தன. ஊதியக் குழுவின் பரிந்துரை நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய ஆண்டைத் தொடக்கமாகவும், நிலுவையெல்லாம் தீர்ந்து குறைந்தது இரண்டு ஆண்டுகள் கழிந்த ஓர் ஆண்டை முடிவாகவும் கொள்வதே என் வழக்கம். இந்தக் கட்டுரையில் 2015-16ஐயும் 2023-24ஐயும் அவ்வாறே எடுத்துக்கொள்கிறேன்.

சம்பளம் படிப்படியாக ஏறுவதில்லை

எந்தப் பள்ளியிலும் செலவின் பெரும்பகுதி சம்பளம்தான். அதைப் புரிந்துகொண்டால் மீதியை ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடலாம். தில்லிப் பள்ளிக் கல்விச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிப் பணியாளரின் ஊதியமும் படிகளும் அரசுப் பள்ளிகளில் அதே நிலையில் இருப்பவர்களுடையதைவிடக் குறையக் கூடாது என்கிறது. தில்லி அரசு மத்திய அரசின் ஊதிய விகிதங்களைப் பின்பற்றுவதால், பள்ளியின் மிகப் பெரிய செலவை நிர்ணயிப்பது பள்ளியின் நிர்வாகக் குழு அல்ல, மத்திய ஊதியக் குழு. சட்டம் சொல்வதற்கும் சில பள்ளிகள் உண்மையில் கொடுப்பதற்கும் இடைவெளி உண்டு என்பது வேறு கதை. பணியாளர் பட்டியலைக் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆறாவது ஊதியக் குழுவின் பரிந்துரை 2006 ஜனவரி 1 முதல் கணக்கிடப்பட்டது, ஆனால் அரசு அதை அறிவித்தது 2008 ஆகஸ்டில். ஏழாவது குழுவின் பரிந்துரை 2016 ஜனவரி 1 முதல் கணக்கிடப்பட்டு, அதே ஆண்டு ஜூலையில் அறிவிக்கப்பட்டது. கணக்கிடும் நாளுக்கும் பணம் கொடுக்கும் நாளுக்கும் இடையே சேரும் தொகைதான் நிலுவை. நம் ஊர் வழக்கில் ஏரியர்ஸ். இந்தத் தொகை கொடுக்கப்பட்ட ஆண்டின் கணக்கில் மலைபோல் நின்று, அடுத்த ஆண்டில் காணாமல் போய்விடும். வரைபடத்தில் இப்படி ஒரு மேடும் அதையடுத்து ஒரு பள்ளமும் தெரிந்தால், அதைச் சிக்கனம் என்றோ ஊதாரித்தனம் என்றோ படிக்காமல், நிலுவையைப் பிரித்து அது உரிய ஆண்டுகளுக்குப் பகிர்ந்து எழுதுங்கள். தணிக்கை அறிக்கையின் இணைப்புப் பட்டியல்களில் இந்தத் தொகை பெரும்பாலும் தனி வரியாகவே இருக்கும்.

ஏழாவது ஊதியக் குழு சம்பளத்தை 2.57 மடங்காக்கியது என்று கேள்விப்பட்டு, செலவும் அவ்வாறே ஏறியிருக்கும் என்று நம்புவோர் உண்டு. கட்டண உயர்வை நியாயப்படுத்த நிர்வாகங்களும் அந்த எண்ணைத் தாராளமாகப் பயன்படுத்தின. ஆனால் 2016 ஜனவரியில் அகவிலைப்படி அடிப்படைச் சம்பளத்தின் 125 சதவீதமாக இருந்தது. அதாவது 100 ரூபாய் அடிப்படைச் சம்பளம் உள்ளவருக்குப் பள்ளி ஏற்கெனவே 225 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் படியையும் உள்ளடக்கிய புது அடிப்படைச் சம்பளம் 257 ஆனபோது கூடியது 32 ரூபாய், ஏறத்தாழ 14 சதவீதம். வீட்டு வாடகைப்படி முதலானவற்றில் ஏற்பட்ட மாற்றத்தைச் சேர்த்தாலும், 157 சதவீத உயர்வு என்ற பேச்சுக்கு இடமேயில்லை.

அடுத்தது அகவிலைப்படி. இது ஜனவரியிலும் ஜூலையிலும் திருத்தப்படுவது. வழக்கமாக இரண்டு, மூன்று, நான்கு சதவீதப் புள்ளிகளாக ஏறும். கோவிட் காலத்தில் மத்திய அரசு மூன்று தவணைகளை நிறுத்திவைத்ததால் 17 சதவீதத்திலேயே நின்றிருந்த அகவிலைப்படி, 2021 ஜூலை முதல் ஒரேயடியாக 31 சதவீதமாயிற்று. 2020-21க்கும் 2021-22க்கும் இடையே பள்ளிச் சம்பளச் செலவில் ஒரு துள்ளல் தெரிந்தால் முதலில் இங்கே தேடுங்கள். அகவிலைப்படி 25 சதவீதத்தைத் தாண்டியபோது தில்லி போன்ற பெருநகரங்களின் வீட்டு வாடகைப்படி 24லிருந்து 27 சதவீதமாகவும், 2024 ஜனவரியில் 50 சதவீதத்தைத் தொட்டபோது 30 சதவீதமாகவும் உயர்ந்தது. ஒரு படி ஏறியதால் இன்னொரு படியும் ஏறும் இந்த ஏற்பாடு கணக்குப் பார்ப்பவரை எளிதில் ஏமாற்றும்.

மூன்றாவது காரணம் சத்தமில்லாதது: ஆசிரியர்களுக்கு வயதாகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3 சதவீத ஊதிய உயர்வு என்பதால், 44,900 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்த பட்டதாரி ஆசிரியர் பத்து உயர்வுகளுக்குப் பின் 60,400 ரூபாயில் இருப்பார். அதே ஆசிரியர், அதே பாடம், அதே வகுப்பறை. பணியாளர் பட்டியலில் சராசரிப் பணிக்காலத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். அது பத்தாண்டில் 8லிருந்து 15 ஆகியிருந்தால் செலவு உயர்வின் ஒரு பங்குக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அதுவே 15லிருந்து 6 ஆகக் குறைந்திருந்தும் சம்பளச் செலவு ஏறியிருந்தால் கூட்டத்தில் கேட்கக் கேள்வி இருக்கிறது. அனுபவமுள்ள ஆசிரியர்கள் விலகிப் போவதும் ஒரு செலவுதான். அதை எந்தத் தாளிலும் எழுதமாட்டார்கள்.

மூத்தவர்கள் ஓய்வு பெறும்போது பணிக்கொடை வருகிறது. ஆசிரியர்களும் பணிக்கொடைச் சட்டத்தின்கீழ் வருவர் என்று 2009இல் செய்யப்பட்ட திருத்தம், 1997 ஏப்ரல் 3 முதல் பின்தேதியிட்டு நடைமுறைக்கு வந்தது. அதை 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. உச்சவரம்பு 2018 மார்ச்சில் 10 லட்சத்திலிருந்து 20 லட்சமாக உயர்ந்தது. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ஒதுக்கிவைக்கும் பள்ளியில் இது கண்ணுக்குத் தெரியாது; ஒதுக்கிவைக்காத பள்ளியில் மூன்று பேர் ஒரே ஆண்டில் ஓய்வு பெற்றால் 60 லட்சம் வரை திடீரென்று தோன்றும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஒரு பள்ளி 2015-16இல் 1,200 பிள்ளைகளுக்கு 6 கோடி ரூபாய் செலவிட்டது, 2023-24இல் 1,000 பிள்ளைகளுக்கு 11.40 கோடி செலவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இது முறையை விளக்க நான் உருவாக்கிய எடுத்துக்காட்டே தவிர எந்தப் பள்ளியின் கணக்கும் அல்ல. மொத்தத்தில் உயர்வு 90 சதவீதம். பிள்ளை ஒன்றுக்கு 50,000 ரூபாயாக இருந்தது 1,14,000 ஆகியிருப்பதால், அந்த வகையில் உயர்வு 128 சதவீதம். இந்த இடத்தில்தான் கூட்டங்களில் குரல்கள் உயரும்.

முதலில் அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் உரியவற்றைக் கழியுங்கள். 11.40 கோடியில் 60 லட்சம் மூவரின் பணிக்கொடை, 30 லட்சம் புதுப் பேருந்து என்றால், வழக்கமான செலவு 10.50 கோடி, பிள்ளைக்கு 1,05,000 ரூபாய். கழித்ததை மறந்துவிடக் கூடாது, அதைப் பல ஆண்டுகளுக்குப் பகிர்ந்து தனிப் பத்தியில் எழுத வேண்டும். தொடக்க ஆண்டிலும் இதே போன்ற இனங்கள் இருந்தால் அங்கும் கழிக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் இல்லை.

அடுத்து விலைவாசி. 2012ஐ 100 ஆகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின் ஆண்டுச் சராசரி, 2015-16இல் 124.7 ஆகவும் 2023-24இல் 184.1 ஆகவும் இருந்தது. 1,05,000ஐ 124.7ஆல் பெருக்கி 184.1ஆல் வகுத்தால், 2015-16 விலையில் 71,100 ரூபாய் வருகிறது. ஆக உண்மையான உயர்வு 42 சதவீதம். அந்தக் குறியீட்டெண்ணுக்குள் கல்விக்கென்று தனிப் பிரிவு உண்டு, அதைப் பயன்படுத்தினால் துல்லியமாக இருக்குமே என்று நினைக்கத் தோன்றும். அது பெற்றோர் செலுத்தும் கட்டணத்தையும் அது போன்றவற்றையும் அளப்பது. கட்டணம் ஏறியதால் செலவு நியாயம், செலவு ஏறியதால் கட்டணம் நியாயம் என்று சுற்றிச் சுற்றி வர வேண்டியிருக்கும். பொதுக் குறியீட்டெண்ணே போதும்.

மீதமுள்ள 42 சதவீதத்தை யார் தலையில் வைப்பது? பிள்ளைகளின் எண்ணிக்கை 1,200லிருந்து குறையாமல் இருந்திருந்தால், அதே 10.50 கோடி பிள்ளைக்கு 87,500 ரூபாயாகவும், பழைய விலையில் ஏறத்தாழ 59,300 ரூபாயாகவும் இருந்திருக்கும். அப்போது உயர்வு 18 சதவீதத்தைச் சற்றே தாண்டும். அதில் பாதிக்கு மேற்பட்டதை ஊதியக் குழு தந்த 14 சதவீதச் சம்பள உயர்வே விளக்கிவிடும். ஆக 42இல் பெரும்பங்குக்குக் காரணம் யாரும் கூடுதலாகச் செலவழித்தது அல்ல; 200 பிள்ளைகள் வராமல் போனதுதான்.

பிள்ளைகள் குறைந்தால் செலவும் குறைய வேண்டாமா என்று கேட்கலாம். குறையாது, ஏனெனில் பள்ளியின் செலவு பிள்ளைகளின் தலையை எண்ணி வருவதில்லை, வகுப்புப் பிரிவுகளை எண்ணி வருகிறது. 30 பிரிவுகளில் பிரிவுக்கு 40 பேர் என்பது 33 பேர் ஆகும்போது, பிரிவுக்கு ஒன்றரை ஆசிரியர் என்ற சி.பி.எஸ்.இ. கணக்கின்படி 45 ஆசிரியர்கள் அப்படியேதான் இருப்பார்கள். மின்விசிறியும் அப்படியேதான் சுழலும். தமிழ் கற்பிக்கும் தில்லிப் பள்ளிகளுக்கு இது இன்னும் நெருக்கமான செய்தி. ஒரு வகுப்பில் தமிழை எடுத்த பிள்ளைகள் பன்னிரண்டு பேரே ஆனாலும் தமிழாசிரியர் ஒருவர் வேண்டும், அவருக்கு முழுச் சம்பளம் வேண்டும். அந்தப் பன்னிரண்டு பேருக்கான செலவைத் தலைக்கணக்கில் காட்டி இது கட்டுப்படியாகாது என்று யாராவது எழுந்து சொல்லும்போது, பிரிவுக் கணக்கில் அது எவ்வளவு சிறியது என்பதைக் காட்டும் தாள் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஆகவே பிள்ளை ஒன்றுக்கான செலவுக்குப் பக்கத்திலேயே பிரிவு ஒன்றுக்கான செலவையும் எழுதுங்கள். நம் எடுத்துக்காட்டில் அது 20 லட்சத்திலிருந்து 35 லட்சமாகியிருக்கிறது. பழைய விலையில் 23.7 லட்சம்.

சில்லறைச் செலவுகள்

சம்பளத்தைத் தவிர்த்த மற்ற இனங்களில் நேரத்தைச் செலவிடுவது பெரும்பாலும் வீண். கூட்டங்களில் ஆண்டு விழாப் பந்தலைப் பற்றியே அதிக நேரம் பேசப்படும். மொத்தத்தில் அது ஒரு சதவீதம்கூட வராது. இருந்தாலும் தில்லிக்கே உரிய சில மாற்றங்களைக் கவனிக்கலாம். டீசல் ஜெனரேட்டர்களின் மீது காற்று மாசுக் கட்டுப்பாடுகள் 2023 அக்டோபரிலிருந்து இறுகியதால், சில பள்ளிகள் அவற்றை எரிவாயுவிலும் ஓடும்படி மாற்றவோ புதிது வாங்கவோ நேர்ந்தது. நவம்பரில் புகைமூட்டத்தால் வகுப்புகள் இணையவழிக்கு மாறும் நாட்களில் பள்ளிக்கு எதுவும் மிச்சமாவதில்லை, சம்பளமும் பேருந்து ஒப்பந்தமும் நிற்பதில்லை. கோடையில் டேங்கர் தண்ணீர் வாங்கும் பள்ளிகளில் அந்த வரி மழையைப் பொறுத்து ஏறி இறங்கும்.

காவல், துப்புரவு, பேருந்து ஆகியவற்றைப் பள்ளி ஒப்பந்தத்துக்கு விட்டிருந்தால் மட்டும் நின்று பாருங்கள். அந்த ஆண்டு முதல் சம்பள வரி இறங்கி, இதரச் செலவு என்ற வரி வீங்கும். சம்பளத்தின் பங்கு 78 சதவீதத்திலிருந்து 70 ஆகக் குறைந்துவிட்டது, நிர்வாகம் வேறெதிலோ பணத்தைக் கொட்டுகிறது என்று முடிவு கட்டும் முன், அந்த இரண்டு வரிகளையும் கூட்டிப் பார்க்க வேண்டும். தலைப்புகளின் பெயர்களும் ஆடிட்டர் மாறும்போது மாறும். ஒரே இனம் பராமரிப்பு, பழுதுபார்ப்பு, வளாக மேம்பாடு என்று மூன்று பெயர்களில் மூன்று ஆண்டுகள் உலவியதை நான் பார்த்திருக்கிறேன். பத்தாண்டுக்கும் பொதுவான ஏழெட்டுத் தலைப்புகளை நீங்களே வகுத்துக்கொண்டு, ஒவ்வோர் ஆண்டின் இனங்களையும் அவற்றுக்குள் அடக்குங்கள். இந்த வேலை அலுப்பூட்டும், ஆனால் இதைச் செய்யாமல் போட்ட எந்த வரைபடமும் ஆடிட்டரின் விருப்பத்தைத்தான் காட்டும்.

கூட்டத்துக்கு எடுத்துச் செல்வது

இவ்வளவும் முடிந்தபின் ஒரே பக்கத்தில் அடங்கும் அட்டவணையை எழுதுங்கள்: ஆண்டு, பிள்ளைகள், பிரிவுகள், ஆசிரியர்கள், வழக்கமான செலவு, நிலுவையும் பணிக்கொடையும், மூலதனச் செலவு, 2015-16 விலையில் பிரிவுக்கும் பிள்ளைக்கும் ஆன தொகை. அதைப் பொருளாளருக்கு ஒரு வாரம் முன்னதாகவே கொடுத்துவிடுவது மரியாதை. தவறு இருந்தால் அவரே திருத்துவார், கூட்டத்தில் மோதல் குறையும். நான் முதல் முறை செய்ததுபோல் மேசையில் வைத்து அதிரடி காட்டினால் எல்லோரும் தற்காப்பில் இறங்கிவிடுவார்கள்.

அங்கே கேட்பதற்கு முன்னோக்கிய கேள்வி ஒன்றும் உண்டு. எட்டாவது ஊதியக் குழுவை அமைக்க 2025 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்துவிட்டது. முந்தைய இரண்டு குழுக்களின் வழியிலேயே இதுவும் சென்றால், அறிவிப்பு எப்போது வந்தாலும் கணக்கு 2026 ஜனவரி 1 முதல் ஓடும்; அந்த நிலுவைக்காகப் பள்ளி இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறது, இருப்புநிலைக் குறிப்பின் எந்த வரியில் அது இருக்கிறது என்று கேளுங்கள்.